இந்தத் தத்துவம் யார் தலையில் விடிகிறது?

இந்த வாரம் கேள்விகள் எல்லாமே ஒரே வீட்டிலிருந்து. கனகசெட்டிக்குளத்தில் தத்துவத்தில் முதுகலை படிக்கும் ஒரு மாணவி நோட்டுப் புத்தகத்தைக் கிழித்து எழுதி அனுப்பியிருக்கிறார். நடுவில் அப்பாவும் ஆயாவும் புகுந்து ஆளுக்கொரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். வடக்கே போனாலும் தமிழ்நாடு, தெற்கே போனாலும் தமிழ்நாடு. புதுச்சேரி டவுனுக்குப் போக, புதுச்சேரியை விட்டு வெளியே போய்த் திரும்ப உள்ளே வரவேண்டும். இப்படி ஓர் ஊரில் தினமும் பஸ் ஏறுகிறவருக்குத் தத்துவ விசாரம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கேள்வி: சார், வகுப்பில் புரியாத விஷயமெல்லாம் கதை படிக்கும்போதும் படம் பார்க்கும்போதும் புரிந்துவிடுகிறது. நான் சோம்பேறியா?

பதில்: சோம்பேறி என்றால் படத்தை ஓடவிட்டுத் தூங்கியிருப்பீர்கள். கவிஞர்களை நாட்டுக்குள் விடாதே என்ற பிளேட்டோவே, குகைக்குள் கட்டிப்போட்ட மனிதர்கள் சுவரில் நிழல் பார்க்கும் கதையைச் சொல்லித்தானே ஆளை மடக்குகிறார்? டூரிங் டாக்கீசுக்கு முதல் வரைபடம் போட்டவர் அவர். நம் சாத்தனார் இன்னும் கெட்டிக்காரர். மணிமேகலையில் மொத்தம் முப்பது காதை. சமயவாதிகள் வரிசையாக வந்து தங்கள் கொள்கையைச் சொல்வது இருபத்தேழாவதில்தான். அதற்குள் அமுதசுரபியை ஊரெல்லாம் சுமந்து எத்தனையோ பேர் வயிற்றை நிரப்பியாகிவிட்டது. முதலில் சோறு, பிறகு தர்க்கம். உங்கள் பாடத்திட்டம் தலைகீழாக இருந்தால் அதற்கு நீங்கள் பொறுப்பல்ல.

கேள்வி: எதைப் பார்த்தாலும் உள்ளர்த்தம் தேடுகிறேன். நேற்று ஒரு நகைச்சுவைக் காட்சியில் அத்வைதம் தெரிந்தது. இது வியாதியா?

பதில்: தொற்றுவியாதி. இலக்கியம் படித்தவர்களிடமிருந்து பரவும். மருந்து உங்கள் பஸ் வழியிலேயே இருக்கிறது. முத்தியால்பேட்டையில் இருந்த ஒரு மாந்தோப்புதான் குயில் பாட்டு பிறந்த இடம். குயில் ஒன்று ஒருவனைக் காதலிக்கிறது. அவனிடம் பேசிய அதே காதல் மொழியைக் குரங்கிடமும் மாட்டிடமும் பேசுகிறது. இவன் வாளை உருவிக்கொண்டு பாய்கிறான். போன பிறவி, வேடன் மகள் என்று எங்கெங்கோ போய்விட்டு, கடைசியில் பாரதி படித்தவர்களைப் பார்த்து, இதை வேதாந்தமாக விரித்துச் சொல்லக் கொஞ்சம் இடமிருந்தால் சொல்லுங்களேன் என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார். நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது கேலி என்று சந்தேகப்பட்டவர்கள் குறைவு. நான் சந்தேகப்படுகிற கட்சி.

கேள்வி: ஒரு கதையில் இருப்பது தத்துவமா, வெறும் வசனமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இது யார் தலையில் விடிகிறது என்று பாருங்கள். ஒரு கருத்துக்காகக் கதையில் யாராவது எதையாவது இழக்கிறார்களா? இழந்தால் தத்துவம். இல்லாவிட்டால் மேடைப்பேச்சு.

‘உதிரிப்பூக்கள்’ (1979) பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லை என்றால் இதை மடித்து வைத்துவிட்டு முதலில் அதைப் பாருங்கள். கடைசியில் ஊரே திரண்டு அந்த ஈவிரக்கமில்லாத மனிதனை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஆற்றில் இறங்கிச் சாவதைத் தவிர வேறு வழி விடவில்லை. அவன் கத்தவில்லை, கெஞ்சவில்லை. இதுவரை நான் ஒருவன்தான் கெட்டவன், இன்று உங்கள் எல்லாரையும் என்னைப்போல் ஆக்கிவிட்டேன் என்கிற அர்த்தத்தில் பேசிவிட்டு இறங்குகிறான். தண்டனை நியாயமா என்று இயக்குநர் மகேந்திரன் நம்மிடம் கேட்கவே இல்லை. தண்டித்தவர்களின் முகத்தைக் காட்டுகிறார். அவ்வளவுதான். நியாயம் கேட்ட ஊர், கேட்ட நியாயத்துக்கு விலை கொடுத்துவிட்டது. அதன்பின் அவனுடைய இரண்டு பிள்ளைகள்.

அந்தப் படத்துக்கு வித்திட்ட ‘சிற்றன்னை’யை எழுதிய புதுமைப்பித்தன் ‘சாப விமோசன’த்திலும் இதே வேலையைச் செய்கிறார். ராமன் கால் பட்டு உயிர்பெற்ற அகலிகை, சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும் மறுபடி கல்லாகிவிடுகிறாள். ஒரே தப்புக்கு இரண்டு சட்டமா என்று பத்துப் பக்கம் வாதாடியிருக்கலாம். கல்லானாள். இதைவிடக் கனமான எதிர்வாதத்தை நான் எந்தத் தத்துவ நூலிலும் பார்த்ததில்லை.

கேள்வி: ‘அன்பே சிவம்’ தேறுமா?

பதில்: தேறும். கொள்கை நாயகனின் முகத்திலும் காலிலும் தழும்பாகவே இருக்கிறது. காதலியும் போய்விடுகிறாள். வசனம் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் எழுதியவர் மதன். ஆயிரக்கணக்கான வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொன்னவர். தொழில் பாசம், அதற்கு மேல் பேச மாட்டேன்.

கேள்வி: சுனாமிக்கு அடுத்த வருஷம் பிறந்தவள் நான். எங்கள் தெருவில் காலத்தையே சுனாமிக்கு முன்னாடி, பின்னாடி என்றுதான் கணக்குச் சொல்வார்கள். ‘தசாவதார’த்தில் கடைசியில் சுனாமி வந்து கிருமியை அழித்து உலகத்தைக் காப்பாற்றுகிறது. வகுப்பில் எல்லோரும் ‘கேயாஸ் தியரி, சூப்பர்’ என்றார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் ஒரு வாதமாகுமா?

பதில்: ஆகும். அந்த எரிச்சலுக்கு இருநூற்றெழுபது வருஷச் சரித்திரம் இருக்கிறது.

1755 நவம்பர் 1. போர்ச்சுகலின் லிஸ்பன் நகரம். சகல புனிதர் திருநாள், சனம் கோயில்களில் இருந்தது. பூமி குலுங்கியது, தப்பித்துத் துறைமுகத்துப் பக்கம் ஓடியவர்களைக் கடல் வந்து எடுத்துக்கொண்டது, மிச்சத்தைத் தீ பார்த்துக்கொண்டது. அப்போது ஐரோப்பாவில் செல்வாக்காக இருந்த ஒரு கருத்து: கடவுள் படைக்கக்கூடிய உலகங்களிலேயே ஆகச் சிறந்தது இதுதான், கெட்டதாகத் தெரிவதெல்லாம் பெரிய கணக்கில் நல்லதாக முடியும். லைப்னிஸ் சொன்னது. கணக்கில் மேதை, மறுக்கவில்லை. வோல்தேருக்கு உங்களுக்கு வந்த அதே எரிச்சல் வந்தது. முதலில் ஒரு கவிதை எழுதினார். போதவில்லை. 1759-இல் ‘கான்தீத்’ என்று ஒரு சின்ன நாவல் எழுதினார். அதில் பாங்லோஸ் என்று ஒரு வாத்தியார். லிஸ்பன் துறைமுகத்தில் ஒரு நல்ல மனிதர் கண்ணெதிரே மூழ்குகிறார். கான்தீத் குதித்துக் காப்பாற்றப் போகிறான். வாத்தியார் கையைப் பிடித்து நிறுத்தி, இந்தத் துறைமுகம் உண்டானதே இவர் மூழ்குவதற்காகத்தான் என்று நிரூபிக்க ஆரம்பிக்கிறார். நிரூபித்து முடிப்பதற்குள் ஆள் போய்விட்டார்.

(இந்த வோல்தேர் நமக்கு ஒருவகையில் உறவு. 1761-இல் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் பறிகொடுத்த தளபதி லாலியைப் பாரீசில் தலையை வெட்டிக் கொன்றார்கள். அது அநியாயம் என்று கிழவர் வருஷக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார்.)

‘தசாவதாரம்’ அந்த வாத்தியார் கட்சி என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. இத்தனை உயிர் போனதே, கடவுள் எங்கே என்ற கேள்வியை நாயகன் கேட்கிறான், நாயகி கிருமி அழிந்ததைக் காட்டுகிறாள். இரண்டு கட்சிக்கும் பேச இடம் கொடுத்திருக்கிறார்கள். குறை வேறு இடத்தில். நாயக நடிகரின் வேஷங்களில் ஒருவனான பூவராகன் பிள்ளைகளைக் காப்பாற்றப் போய்ச் செத்துப்போகிறான். அந்தச் சாவின் பக்கத்தில் உட்காரப் படத்துக்கு நேரமில்லை, இன்னும் ஒன்பது வேஷத்துக்குக் கணக்கு முடிக்க வேண்டியிருக்கிறது. கேயாஸ் தியரி என்றதும் சொல்வார்களே, வண்ணத்துப்பூச்சி சிறகடித்ததில் எங்கோ புயல் வந்தது என்று, அது வானிலைக் கணக்கில் வந்த உவமை. சிறு மாற்றம் பெரிதாகும், முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதுதான் அதன் சாரம். அதில் நோக்கம் கிடையாது. நோக்கமில்லாத ஒன்றுக்குக் கடைசி ரீலில் நோக்கம் தைத்துக் கொடுத்தால், கரையில் நிற்பவர்களுக்கு எரியத்தான் செய்யும். அந்த எரிச்சலை உங்கள் தேர்வுத்தாளில் எழுதுங்கள். வோல்தேர் பெயரையும் போட்டால் மதிப்பெண் வரும்.

கேள்வி: காம்யுவின் ‘அந்நியன்’ படிக்கிறேன் என்றால் தோழி ‘விக்ரம் படமா?’ என்கிறாள்.

பதில்: திருத்தாதீர்கள். வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பைக் கையில் கொடுத்துவிடுங்கள். கருடபுராணம் எப்போது வரும் என்று அவர் நூறாம் பக்கம் வரை தேடட்டும். அம்மா செத்ததற்கு அழாதவனை ஊர் எப்படித் தண்டிக்கிறது என்று அதற்குள் மாட்டிக்கொண்டிருப்பார். ஒப்பிட்டாலும் தப்பில்லை. ஷங்கரின் அந்நியனுக்கு ஒவ்வொரு தப்புக்கும் தண்டனை தெரியும். காம்யுவின் அந்நியனுக்குத் தன் தப்பே எது என்று கடைசிவரை சந்தேகம். இரண்டாமவனோடு பஸ்ஸில் பயணம் செய்வது பாதுகாப்பு என்று சொல்ல வந்தேன். அவன் கையிலும் துப்பாக்கி இருப்பது ஞாபகம் வந்துவிட்டது.

கேள்வி (அப்பா): அய்யா, பொண்ணு ‘லைஃப் ஆஃப் பை’ன்னு புலிப் படம் ஒண்ணு காட்டுச்சு. நம்ம பாண்டிச்சேரிப் பையன், 227 நாள் கடல்ல, கூட ஒரு புலி. நான் சின்ன வயசிலேர்ந்து தொழிலுக்குப் போறவன். இதை நம்பணுமா?

பதில்: அய்யா, ஊர்க் காட்சிகளைத்தான் புதுச்சேரியில் எடுத்தார்கள். கடல் காட்சிக்குத் தைவானில் பெரிய தொட்டி கட்டி அலை அடித்தார்கள். உங்கள் கண்ணை ஏமாற்ற முடியாது.

கதையிலும் ஜப்பானிலிருந்து வந்த அதிகாரிகள் உங்களைப்போலவே கேட்கிறார்கள். உடனே பையன் இன்னொரு கதை சொல்கிறான். அதில் புலி இல்லை, குரங்கு இல்லை. அவன் அம்மா, ஒரு சமையல்காரன், ஒரு மாலுமி. என்ன நடந்தது என்பதைக் கேட்டால் சோறு இறங்காது. சொல்லிவிட்டு, இரண்டில் எது உங்களுக்குப் பிடித்த கதை என்று கேட்கிறான். புலிக் கதை என்கிறார்கள். கடவுளும் அப்படித்தான் என்கிறான்.

மகளிடம் இதைச் சொல்லுங்கள்: எது பிடித்திருக்கிறது என்பதும் எது நடந்தது என்பதும் வேறு வேறு கேள்வி. யான் மார்டெல் (2001) நாவலிலும் ஆங் லீ (2012) படத்திலும் முதல் கேள்வியைக் கேட்டுவிட்டு இரண்டாவதை அலையோடு விட்டுவிடுகிறார்கள். அழகான தந்திரம். ஆனால் 2017-இல் ஒக்கி புயலில் குமரிக் கடலில் காணாமல் போனவர்களின் வீட்டுப் பெண்கள் கரையில் நின்றபோது, உனக்கு எந்தக் கதை பிடிக்கும் என்று அவர்களிடம் யாராவது கேட்டிருக்க முடியுமா? இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்தால்தான் தாலியைப் பற்றிப் பேச முடியும், நிவாரணத்தைப் பற்றிப் பேச முடியும். கடற்கரை வீட்டில் இருந்து பார்த்தால் அந்தப் பையனின் கேள்வி கொஞ்சம் சொகுசானது. மற்றபடி, முதல் மீனைக் கொன்றுவிட்டு அவன் அழுவதைப் பார்த்து நீங்கள் சிரித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

கேள்வி: அப்படியானால் ‘அவரவர்க்கு அவரவர் உண்மை’ என்பது தப்பா? ‘ரஷோமான்’ அதைத்தானே சொல்கிறது?

பதில்: நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள் என்பதால் செத்தவன் எழுந்து போய்விடவில்லை. எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) பாருங்கள், குரோசவாவின் ‘ரஷோமா’னைப் பார்த்த சூட்டோடு எடுத்தது, ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. 1943-இல் சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட மறுநாள் ரேடியோ இன்ஜினீயர் சுடப்பட்டுக் கிடக்கிறான். அண்டை வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி என்று ஆளாளுக்கு ஒரு கதை. ஆனால் துப்பாக்கி ஒரே ஒரு கையில்தான் இருந்தது, மனைவியின் கையில். எழுபது வருஷம் ஆகிவிட்டது, சொன்னால் பாவமில்லை. புருஷனா நாடா என்பதை அந்தப் பெண் விசாரம் செய்து முடித்தாக வேண்டிய அவசியம், உண்மை ஒன்றாக இருப்பதால்தான் வருகிறது.

கேள்வி (ஆயா): விடிய விடிய கர்ண மோட்சம் கூத்துப் பாத்து அழுவேன். படிக்காதவளுக்கு இவங்க சொல்ற தத்துவம் எட்டுமா?

பதில்: ஆயா, எட்டுமா என்று அவர்கள்தான் உங்களிடம் கேட்க வேண்டும். தோற்கப் போகிற பக்கம் என்று தெரிந்தே, சோறு போட்டவனுக்காகப் போருக்குக் கிளம்புகிறான் கர்ணன். மனைவி பொன்னுருவி போகாதே என்று மறிக்கிறாள். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. நடுவில் கட்டியக்காரன் வந்து இரண்டையும் கிண்டல் செய்கிறான். யார் பக்கம் என்று முடிவு சொல்ல முடியாமல்தானே நீங்கள் அழுதீர்கள்? வகுப்பில் இதற்கு ஒரு செமஸ்டர் ஆகிறது, கண்ணீரும் வருவதில்லை. வள்ளி திருமணத்தில் வள்ளியும் நாரதரும் போடும் தர்க்கத்தையும் கேட்டிருப்பீர்கள். அதை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் நம் ஊரில்தான் காலமானார். சமாதி கருவடிக்குப்பத்தில். பேத்தியை ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள், அவர் பாடப் புத்தகத்தில் இருக்க வாய்ப்பில்லை.

கேள்வி: செமஸ்டர் லீவுக்கு ஒரு புத்தகம், ஒரு படம் சொல்லுங்கள் சார். தத்துவம் நிறைய இருக்க வேண்டும்.

பதில்: புத்தகம்: சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’. காம்யு இறந்த மறுநாள் இறந்துபோகும் ஒரு மலையாள எழுத்தாளனைப் பற்றியது. அப்படி ஓர் எழுத்தாளன் உண்மையில் இருந்ததில்லை, தேடி நூலகத்துக்குப் போய்விடாதீர்கள். படம்: பாலு மகேந்திராவின் ‘வீடு’. இரண்டு மணி நேரத்தில் ஒருவரும் ஒரு தத்துவமும் பேசுவதில்லை. சிமென்ட், கம்பி, காண்ட்ராக்டர், லஞ்சம், கட்டி முடியாத வீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு வரும் ஒரு தாத்தா. அப்பாவையும் கூட உட்காரச் சொல்லுங்கள். வீடு கட்டிய அனுபவம் அவருக்கு இருந்தால் மட்டும் மாத்திரையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.