கடைசி வண்டி விதி: பேருந்துசார் மலையியலுக்கு ஓர் அறிமுகம்

மலையேற்றம் பற்றிய நூல்கள் மலையின் உயரத்தைச் சொல்கின்றன, சரிவைச் சொல்கின்றன, எந்த மாதத்தில் அட்டை கடிக்கும் என்றுகூடச் சொல்கின்றன. இறங்கி வந்த பிறகு ஊருக்குத் திரும்ப வண்டி இருக்குமா என்ற கேள்விக்கு மட்டும் வாய் திறப்பதில்லை. எழுதியவர்கள் காரில் போனவர்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் தெரியவில்லை. இந்தக் குறையைப் போக்க முளைத்ததே பேருந்துசார் மலையியல். இத்துறைக்கு எந்தப் பல்கலைக்கழகமும் இன்னும் ஓர் இருக்கை ஒதுக்கவில்லை. பேருந்திலேயே இருக்கை கிடைக்காமல் பழகியவர்கள் என்பதால் ஆய்வாளர்கள் இதைப் பெரிதுபடுத்துவதில்லை.

துறையின் மூல நூல் எது என்பதில் சர்ச்சை கிடையாது. பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டான மலைபடுகடாம்தான். பெருங்கௌசிகனார் பாடியது, கூத்தராற்றுப்படை என்றும் பெயர். மன்னன் நன்னனிடம் பரிசு வாங்கப் போகும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்வதே அதன் 583 அடிகளுக்கும் வேலை. பன்றிக்கு வைத்த பொறியில் கால் வைத்துவிடாதீர்கள், தினைப்புனக் காவலர் வீசும் கவண்கல்லுக்கு ஒதுங்கிப் போங்கள், வழுக்கும் இடத்தில் கொடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், இருட்டிவிட்டால் குகையில் தங்குங்கள் என்று புலவர் ஒன்றையும் விடவில்லை. இதைவிட அக்கறையான மலையேற்றக் கையேடு பின்னர் வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் இருட்டினால் குகை என்று சொல்லிவிட்டால் இன்றைய கூத்தருக்குப் போதாது. அவருக்கு மறுநாள் காலை ஒன்பதரைக்கு ஆபீஸ்.

அந்த நூலில் வரும் நவிரமலையைத் திருவண்ணாமலை மாவட்டத்துப் பருவதமலை என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். ஆக, சங்கப் புலவர் வழி சொன்ன அதே மலைக்கு இன்று டிக்கெட் எடுத்துப் போகலாம். அடிவாரமான தென்மாதிமங்கலம் வரை பேருந்து, அதன்பிறகு கால். சுமார் 4,500 அடி உயர உச்சியில் மல்லிகார்ச்சுனர் இருக்கிறார். உச்சியை நெருங்கும்போது கடப்பாறைப் படி, தண்டவாளப் படி, ஏணிப்படி என்று வரிசையாக வரும். எதையும் விளக்க வேண்டியதில்லை, எல்லாம் பெயரில் சொன்னபடியேதான் இருக்கின்றன. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்பவருக்கு அங்கே இரண்டு நினைப்புதான். ஒன்று இறைவன். மற்றது, கீழே ஆறரைக்கு வண்டி உண்டென்று யாரோ சொன்னது.

இங்கே மேல்நாட்டுக் கோட்பாடு ஒன்றைப் பரிசீலிப்பது முறை. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஒரு விதி வகுத்தார். வரைபடத்தில் மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். அதோடு ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். மலையேறிகள் இன்றும் இதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். கோவைக்கு மேற்கே பூண்டியிலிருந்து வெள்ளியங்கிரியின் ஏழாம் மலை வரை ஆறு கிலோமீட்டர் தூரம், நாலாயிரம் அடி ஏற்றம் என்று தோராயமாக வைத்துக்கொண்டால், நெய்ஸ்மித் கணக்கில் மூன்றேகால் மணி நேரம். ஏறிப் பார்த்தவரிடம் இந்த எண்ணைச் சொன்னால் சிரிப்பார். விதி பொய் என்று சொல்லிவிட முடியாது. வழியில் சுக்குக் காபி, முன்னால் போகும் பாட்டியைத் தாண்ட மனமில்லாமல் பின்னாலேயே நடப்பது, மூன்றாம் மலையில் உட்கார்ந்துவிட்ட மச்சானைத் தேற்றி எழுப்புவது ஆகியவற்றுக்கு அந்தச் சூத்திரத்தில் இடமில்லை, அவ்வளவுதான். எல்லாவற்றையும்விட, நெய்ஸ்மித் நடைக்கான நேரத்தைக் கணக்கிட்டார். நடக்கக் கிடைக்கும் நேரத்தைக் கணக்கிடவில்லை. அதைத் தீர்மானிப்பது டெப்போ.

இதிலிருந்து இத்துறையின் மைய விதி பிறக்கிறது: ஒரு பாதையின் கடுமை அதன் உயரத்தில் இல்லை, கடைசி வண்டியின் நேரத்தில் இருக்கிறது. எட்டு மணிக்குக் கடைசி வண்டி உள்ள செங்குத்து மலை எளிது. நாலரைக்கே வண்டி நின்றுபோகும் சமதளம் கடினம்.

விதியைச் சோதிக்கக் கொல்லிமலை உகந்த களம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும் வேலை முழுவதும் பேருந்துடையது. பயணியின் பொறுப்பு எலுமிச்சம்பழத்தை முகர்வது மட்டும். செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைக் கடந்து அறப்பளீசுவரர் கோயில் போய் இறங்கினால், ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் கீழ்நோக்கிப் போகின்றன. மற்ற மலைகளில் ஏறிவிட்டு இறங்க வேண்டும். இங்கே இறங்கிவிட்டு ஏற வேண்டும். கால் ஓய்ந்து, துணி நனைந்து, வண்டிக்கு நேரம் நெருங்கும் வேளையில்தான் ஏற்றம் தொடங்குகிறது. விதியின் கொடூர வடிவம் இதுவே.

அடுத்தது தரவுச் சேகரிப்பு. நிறுத்தத்தில் எழுதியிருக்கும் கால அட்டவணை வெயிலில் வெளுத்து, தேர்தல் சுவரொட்டிக்குக் கீழே கிடக்கும். அதை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாம், நடப்புத் தரவாகக் கொள்ள முடியாது. நம்பத்தக்க சான்று டீக்கடைக்காரர். அவரிடமும் கேட்கும் விதம் உண்டு. “கடைசி வண்டி எத்தனை மணிக்குண்ணே?” என்றால் “ஆறேகால்” என்பார். “நேத்து எத்தனை மணிக்கு வந்துச்சு?” என்று கேட்க வேண்டும். “நேத்து ட்ரிப் கட்டு தம்பி” என்ற பதில் அப்போதுதான் வெளியே வரும்.

இத்துறையில் புதிதாக நுழைவோர் சறுக்கும் இடம் ஹால்ட் வண்டி. மலையிலிருந்து இறங்கியவர் இருட்டில் நிற்கிறார். தொலைவில் இரண்டு விளக்குகள். வண்டி வருகிறது, திரும்புகிறது, வாசல் திறக்கிறது. ஓடிப்போய் ஏறி, ஜன்னலோரம் பிடித்து, காலை நீட்டுகிறார். வண்டி காலியாக இருப்பதில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை, மகிழ்ச்சிதான் வருகிறது. என்ஜின் நிற்கிறது. நடத்துநர் பையிலிருந்து லுங்கியை எடுக்கிறார். “இது ஹால்ட் வண்டிங்க. காலைல அஞ்சு மணிக்குத்தான் எடுப்போம்.” ஊருக்குள் வரும் கடைசி வண்டியும் ஊரைவிட்டுப் போகும் கடைசி வண்டியும் ஒன்றல்ல என்ற நுட்பமான வேறுபாடு அப்போது விளங்கும். பல கிராமங்களில் இரவு வரும் வண்டி அங்கேயே தங்கி, விடிகாலையில் பால்காரர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு முதல் வண்டியாகக் கிளம்பும். அந்த ஊர்க்காரருக்கு இது பெரிய வசதி. மலையேறிக்கு ஒரு சீட்டும் கொஞ்சம் கொசுவும்.

சில பாதைகளில் போக்குவரத்து வரலாறே புதைந்து கிடக்கிறது. போடியிலிருந்து பேருந்தில் குரங்கணி போய், அங்கிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் தடத்தின் நடுவில் சென்ட்ரல் என்றொரு குக்கிராமம் உண்டு. மூணாறுத் தேயிலை 1908 முதல் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, கம்பிவட ஊர்தியில் அடிவாரத்துக்கு இறங்கிய காலத்தின் பெயர்கள் இவை. 1924 வெள்ளம் ரயிலை அழித்துவிட்டது. பெயர்கள் அந்தரத்தில் நின்றுவிட்டன. இதே குரங்கணி மலையில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்தார்கள். விளையாட்டை நிறுத்திவைத்துச் சொல்ல வேண்டிய செய்தி இது. அதன்பின் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 தடங்களை வழிகாட்டிகளோடு முறைப்படி திறந்தது. அனுமதியில்லாத காட்டுக்குள் நுழைவதற்கு இத்துறை எந்த அடிக்குறிப்பிலும் ஆதரவு தராது.

செலவுக் கணக்கு ஒரே வரியில் முடிகிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எனவே அந்த வண்டி போகும் அடிவாரம் வரை அவர்களுடைய மலையேற்றச் செலவு சுழியம்.

இனி தீர்வு. ஆய்வாளர்கள் இத்தனை தூரம் மண்டையை உடைத்துக்கொண்ட சிக்கலை வெள்ளியங்கிரிப் பக்தர்கள் எப்போதோ முடித்துவிட்டார்கள். வனத்துறை பிப்ரவரி முதல் மே வரை மலையைத் திறந்துவிடுகிறது. அது வெயில் காலம். ஆகவே பலர் மாலையிலோ இரவிலோ பூண்டிக்கு வந்து இறங்குகிறார்கள். மூங்கில் தடி வாங்கிக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில் ஏறி, விடியலில் தரிசனம் முடித்து, சாவகாசமாக இறங்குகிறார்கள். கடைசி வண்டியை அவர்கள் வரத்தான் பயன்படுத்துகிறார்கள், போக அல்ல. இதனால் மைய விதி தகர்ந்துவிட்டதா, தலைகீழாக நிரூபணமாகிவிட்டதா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

இந்தத் தீர்வு புதிய சிக்கலொன்றையும் கூடவே கொண்டுவந்திருக்கிறது. கோவை காந்திபுரத்துக்குத் திரும்பும் வண்டியில் ஆளுக்கொரு மூங்கில் தடி. ஆளைவிடச் சற்றே குட்டை. மேலே வைத்தால் உருளும், கீழே வைத்தால் தடுக்கும், கையில் வைத்தால் முன்சீட்டுக்காரர் தலையில் படும். இதை லக்கேஜாகக் கொள்வதா, பயணியின் உறுப்பாகக் கொள்வதா? நடத்துநர்களிடையே ஒருமித்த கருத்து உருவாகவில்லை. “அதை ஓரமா சாத்துங்க சாமி” என்பதுதான் இதுவரை எட்டப்பட்ட இடைக்காலத் தீர்ப்பு.