குருவிக் கூட்டிலிருந்து யானைக் கொட்டாரத்துக்கு

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. ட்விட்டரை விட்டுப் போறியாமே? நேத்துல இருந்து நாலு தடவை அறிவிச்சிட்டேன்னு உங்க அக்கா சொன்னா. எங்க அறிவிச்ச? ட்விட்டர்லயே! கல்யாண வீட்டுல கோவிச்சுக்கிட்டுப் போற பங்காளிங்களை நான் எத்தனை பாத்திருக்கேன். "போறேன், போறேன்"னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவான். பந்தி போடுத நேரத்துக்குத் திரும்பி வந்துருவான்.

உன் கோவத்துல குத்தமில்ல. 2022 அக்டோபர்ல எலான் மஸ்க் 4,400 கோடி டாலரைக் கொட்டி அந்த ஊரையே கிரயம் பண்ணினாரு. மறு மாசமே 8 டாலர் கட்டினவனுக்கெல்லாம், நெச ஆளுதான்னு காட்டுத நீலக் குறி. எவனோ ஒரு மருந்துக் கம்பெனி பேருல குறி வாங்கி, இன்சுலின் இனிமே இலவசம்னு போட்டுட்டான். நெசக் கம்பெனிக்காரன் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டான். 2023 ஜூலைல குருவிச் சின்னத்தையும் தொரத்திட்டு எக்ஸுன்னு பேரு வச்சாச்சு. எல்லாஞ் சரி. ஒண்ணு கேக்கேன். இத்தனை வருசம் ஓசியில குடியிருந்தியே, பட்டா யாரு பேருல இருக்குன்னு ஒரு நாளாவது கேட்டியா?

இப்பம் போற இடம் மாஸ்டடான். யானை சாடையில இருந்து அழிஞ்சு போன ஒரு மிருகத்தோட பேரு. ஜெர்மனில ஆய்கன் ரோஷ்கோன்னு ஒரு பையன் 2016ல தொடங்கினது. ஒரே பெரிய ஊரு கெடையாது. சின்னச் சின்ன சர்வர், ஒவ்வொண்ணுக்கும் ஒரு அட்மின். இந்த சர்வர்க்காரன் அந்த சர்வர்க்காரனோட பேசிக்கிடலாம். எவனாவது அடாவடி பண்ணினா, பக்கத்து சர்வர்க்காரன் பாதையை முள்ளு வச்சு அடைச்சிருவான். இதுக்கு நீ வச்சிருக்க பேரு டீசென்ட்ரலைஸ்டாம். நாக்கு சுளுக்கிக்கிடுது! நம்ம பக்கம் ஒரு குளம் பெருகினா மறுகால் பாஞ்சு அடுத்த குளத்துக்குத் தண்ணி போவுது. குளத்துக்குக் குளம் தனி மடை, தனி நீர்ப்பாச்சி. எங்க தாத்தன் அதைக் கண்டுபிடிப்புன்னு மாநாடு போடல.

சேருததுக்கு முன்னால மூணு நாளு ரோசனை. எந்த சர்வரு, எந்த சர்வருன்னு. பொண்ணு பாக்கப் போனவன்கூட இம்புட்டு முழிக்க மாட்டான். சேந்த மறுநாளே என்ன கேட்ட? "தாத்தா, இங்க ஒருத்தனும் லைக் போட மாட்டக்கானே!" சந்தை இரைச்சல் தாங்கலன்னு தோட்டத்துக்குப் போனவன், அங்க போயி கூட்டத்தைத் தேடினானாம்.

நீ மட்டுமில்லலே. 2019 நவம்பர்ல, உச்ச நீதிமன்ற வக்கீல் சஞ்சய் ஹெக்டே கணக்கை ட்விட்டர் முடக்கினதும், நம்ம நாட்டுல இருந்து ஒரு கூட்டம் இதே மாஸ்டடானுக்கு மூட்டை கட்டிச்சு. அதுல எத்தனையோ பேரு சத்தமில்லாம பழைய மரத்தடிக்கே வந்து உக்காந்துட்டாங்க. போறப்ப அடிச்ச கொட்டு, வாறப்ப இல்ல.

நான் போகாதேன்னா சொல்லுதேன்? சின்ன ஊரு நல்ல ஊருதான். ஆனா சின்ன ஊருல யாரு கூட்டுவா? பெரிய எடத்துல நீதான் சரக்கு, உன்னக் காட்டி விளம்பரக்காரன்கிட்ட துட்டு பாத்தாங்க. இங்க பல எடத்துல அட்மின்னு ஒரு அப்பாவி. பகல்ல சோலி, ராத்திரி உங்க சண்டைக்குப் பஞ்சாயத்து. சர்வர் வாடகை அவன் சட்டைப் பையில இருந்து. சலிச்சுப் போனா கடையைச் சாத்துவான். முன்கூட்டிச் சொன்னான்னா, உன் ஃபாலோயரைக் கூட்டிக்கிட்டு வேற சர்வருக்குப் போயிக்கிடலாம். எழுதின போஸ்டு எல்லாம் கூட வராது. சொந்தக்காரன் வருவான், சட்டி பானை வராது.

அந்தக் காலத்துல குடிமராமத்துன்னா, குளம் தூர் வார வீட்டுக்கொரு ஆளு மம்பட்டியோட வரணும். வராதவன் மடைக்குத் தண்ணி கேட்டு வந்தா ஊரே சிரிக்கும். உன் அட்மினுக்கு இதுவரைக்கும் எத்தனை ரூவா அனுப்பின? ஒரு சண்டையாவது விலக்கி விட்டியா?

ஏன்லே தலையைக் குனியுத? ஓ, போனைப் பாக்கியா. அட்மினுக்குத் துட்டு அனுப்புதியோ? எங்க, காட்டு பாப்போம்.

அடப் பாவி! போறேன்னு போட்டதுக்கு எத்தனை பேரு அழுதிருக்கான்னு ட்விட்டர்ல எண்ணிக்கிட்டிருக்க!