மேற்கோள்குறி போடாத தம்பி

காரைக்குடி வட்டாரத்தில் தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் தம்பி உண்டு. அவர்களில் தனி இனம், ஷெல் ஸ்கிரிப்ட் எழுதும் தம்பி, அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதி ஷெல் என்ற நிரலிடம் கொடுத்து வேலை வாங்குபவர். அழகப்பர் பெயர் தாங்கிய கல்லூரிகளில் ஒன்றில் படித்திருப்பார். அரசு கொடுத்த மடிக்கணினியில் விண்டோஸோடு கூடவே வந்த பாஸ் லினக்ஸைத் திறந்து பார்த்த வெகு சிலரில் ஒருவராகவும் இருப்பார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடக் கண்ட நாள் முதல் மவுஸைத் தொடுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். எந்த வேலையைச் சொன்னாலும் பதில் ஒன்றே: “ஒரே வரில முடிச்சிரலாம்ணே.” பல சமயம் முடித்தும் விடுவார்.

இவருக்கு வேலை வருவது விசேஷ வீடுகளிலிருந்து. கல்யாணம், மணிவிழா, படைப்பு எது நடந்தாலும் படமும் வீடியோவும் கணக்குமாக ஃபைல்கள் குவியும். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த உறவினர் ஊர் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் பிரித்து ஆளுக்கொரு பென்டிரைவில் போட்டுத் தர வேண்டும். ஃபைல்களுக்குப் பெயர் வைத்திருப்பவர்களோ ஐயாக்களும் ஆச்சிகளும். நகரத்தார் குடும்பங்களில் விலாசம் என்பது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள் வரிசைகட்டி நிற்பது. பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் அந்த எழுத்துகளை நம்பியே நடந்தது. அந்தப் பழக்கத்தில் வந்தவர்கள் ஃபைலுக்கும் சுருக்கமாகப் பெயர் வைப்பதில்லை. ‘ராம. அழ. சித. வீட்டு மொய்ப்பண ஏடு கடைசி திருத்தியது’ என்பார்கள். வைத்தவர் கணக்கில் இது ஒரு பெயர். ஷெல் கணக்கில் எட்டு.

ஸ்கிரிப்ட்டில் ஒரு மாறிக்குள் (வேரியபிள்) இருக்கும்வரை பெயர் முழுசாகவே இருக்கிறது. தம்பி அதை எடுத்துப் பயன்படுத்தும் இடத்தில்தான் வில்லங்கம். டாலர் குறியோடு மாறியை வெறுமனே எழுதினால், ஷெல் முதலில் அதன் மதிப்பை விரிக்கும். பிறகு ஐஎஃப்எஸ் என்ற மாறியில் குறித்துள்ள எழுத்துகள் எங்கெல்லாம் வருகின்றனவோ அங்கெல்லாம் வெட்டும். வழக்கமாக அதில் இருப்பவை மூன்று: இடைவெளி, டேப், புதுவரி. வெட்டிய துண்டு ஏதாவது வெறும் நட்சத்திரக் குறியாக அமைந்துவிட்டால், அந்த இடத்தில் ஃபோல்டரில் உள்ள அத்தனை ஃபைல்களின் பெயரையும் கொண்டுவந்து கொட்டும். ‘வரவு * செலவு’ என்று ஒரு பெரியவர் பெயர் வைத்தால் போதும், வரவும் செலவும் ஊர்க் கணக்கு முழுவதையும் கூட்டிக்கொண்டு வரும்.

இதற்கு மருந்து மாறியின் இரு பக்கமும் போடும் இரட்டை மேற்கோள்குறி. நகரத்தார் கோயில் கணக்கில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே புள்ளி. வரியும் புள்ளிக்கு ஒன்றுதான். “$ஏடு” என்று எழுதினாலும் அப்படித்தான்: உள்ளே எத்தனை சொல் இருந்தாலும் ஷெல்லின் பேரேட்டில் ஒரே புள்ளி. குறி இல்லாவிட்டால் ஷெல் தம்பதியைப் பிரித்து நிறுத்தி ஆளுக்கொரு வரி கேட்கும். ஒற்றை மேற்கோள்குறி இதற்கு ஆகாது. அதற்குள் மாறி விரியவே விரியாது, டாலர் டாலராகவே நிற்கும். (பாஷ் ஷெல் ஃபைலுக்குத் தமிழ்ப் பெயர் தாங்கும், மாறிக்குத் தாங்காது. இங்கே ஏடு என்பது விளக்கத்துக்காக.)

தம்பி இந்தக் குறியைப் போடுவதில்லை. கேட்டால், “என் மெஷின்ல ஓடுச்சுண்ணே” என்பார். பொய்யில்லை. அவர் சோதித்துப் பார்த்த ஃபைலின் பெயர் ‘ஏ’.

விளைவுகள் மூன்று வகை. முதலாவது சாதுவானது: பிரதி எடுக்கும் கட்டளைக்கு எட்டுத் துண்டுகள் போய்ச் சேர, அப்படி ஒரு ஃபைலே கிடையாது என்று அது திட்டிவிட்டு நிற்கும். இரண்டாவது குழப்பமானது: ஃபைல் இருக்கிறதா என்று சதுர அடைப்புக்குள் கேட்டால், கேள்வியே தப்பு என்று ஷெல் முணுமுணுத்துவிட்டு ‘இல்லை’ பக்கம் போய்விடும், கண்ணெதிரே இருக்கும் ஃபைலைத் தம்பி இல்லை என்பார். மூன்றாவது வகை குடும்பத்தைப் பிரிக்கக்கூடியது. ‘மொய் பழசு’ என்ற ஃபோல்டரை அழிக்கச் சொல்கிறார்கள். புதுக் கணக்கு ‘மொய்’ என்ற ஃபோல்டரில் இருக்கிறது. மேற்கோள் இல்லாத ஆர்எம் கட்டளை முதலில் ‘மொய்’யை அழிக்கும். அடுத்து ‘பழசு’ என்ற ஒன்றைத் தேடும். அது இல்லாததைச் சொல்லவிடாமல் எஃப் என்ற விருப்பக்குறி வாயைப் பொத்திவிடும். அழிக்கச் சொன்ன ‘மொய் பழசு’ மட்டும் அப்படியே இருக்கும்.

“புதுசு எங்கேப்பா?”

“பழசு பத்திரமா இருக்குய்யா.”

இந்த விஷயத்தில் தம்பி தனி ஆள் இல்லை. 2001 நவம்பரில் ஆப்பிள் வெளியிட்ட ஐடியூன்ஸ் 2.0 நிறுவல் ஸ்கிரிப்ட்டிலும் மேற்கோள்குறி விடுபட்டிருந்தது. வட்டின் பெயரில் இடைவெளி வைத்திருந்த சிலருக்கு வட்டே துடைக்கப்பட்டது, 2.0.1 அவசரமாக வந்தது. வேர் இன்னும் பழையது. பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வெளிவந்தது. அந்தப் பதிப்பில் ஃபைல் பெயருக்கு 14 எழுத்துதான் இடம். விலாசம் எழுதவே போதாத இடத்தில் இடைவெளிக்கு யார் இடம் கொடுப்பார்? 1990-இல் வந்த இசட்-ஷெல் மாறியைத் தானாக வெட்டுவதில்லை. 2019 முதல் மேக் கணினிகளில் இயல்பாக இருப்பது அதுதான். ஆகவே மேக்கில் எழுதிப் பார்த்து லினக்ஸ் சர்வரில் ஓட்டும் தம்பிக்கு ஆச்சரியம் நிச்சயம்.

தம்பியின் வளர்ச்சிக்கு மூன்று பருவங்கள். முதல் பருவத்தில் குற்றமெல்லாம் ஊரார் மேல். “ஸ்பேஸ் விடாதீங்க, அண்டர்ஸ்கோர் போடுங்க” என்று வீடு வீடாகப் பிரசாரம் செய்வார். “பேருக்கு நடுவுல எதுக்கப்பா கோடு கிழிக்கணும்?” என்று ஓர் ஆச்சி கேட்பதோடு பிரசாரம் நிற்கும். இரண்டாம் பருவத்தில் ஐஎஃப்எஸ்ஸைப் புதுவரி மட்டும் என்று மாற்றிவிட்டு ஞானம் பெற்றதாக நினைப்பார். பிறகு அதே ஸ்கிரிப்ட்டில் இடைவெளி விட்டு எழுதிய பட்டியல் பிரியாமல் ஒட்டிக்கொள்ளும். நட்சத்திரக் குறி தன் வேலையை முன்போலவே காட்டும்.

மூன்றாம் பருவத்தில்தான் அடக்கம் வருகிறது. மாறி வரும் இடமெல்லாம் இரட்டை மேற்கோள் போடுவார். ஸ்கிரிப்ட்டுக்கு வந்த பெயர்களை எல்லாம் வேறு கட்டளைக்குக் கைமாற்றும்போது டாலர், அட் குறி இரண்டையும் மேற்கோளுக்குள் வைப்பார். அதில் ஒவ்வொரு பெயரும் தனித்தனியே முழுசாகப் போகும். அட் குறிக்குப் பதில் நட்சத்திரம் வைத்தால் எல்லாப் பெயரும் ஒன்றாக ஒட்டிவிடும் என்று அறிந்திருப்பார். ஃபைல் பட்டியல் தரும் எல்எஸ் கட்டளையின் வெளியீட்டை வெட்டி எடுப்பதை விட்டு, நேரடியாக நட்சத்திரக் குறியால் சுழற்சி எழுதுவார். யூனிக்ஸில் ஃபைல் பெயருக்குள் வரக் கூடாதவை சாய்கோடும் பூஜ்ய பைட்டும் மட்டுமே. ஆகையால் ஃபைல் தேடும் ஃபைண்ட் கட்டளையிலிருந்து, வாங்கியதை வேறு கட்டளைக்குத் தரும் எக்ஸ்ஆர்க்ஸுக்குப் பெயர்களை அனுப்பும்போது பூஜ்ய பைட்டைப் பிரிப்பானாக வைப்பார். எழுதியதை ஷெல்செக் என்ற இலவசக் கருவியிடம் காட்டுவார். மேற்கோள் மறந்த இடங்களில் அது 2086 என்ற எண்ணோடு எச்சரிக்கும். தம்பியின் பழைய ஸ்கிரிப்ட்டுகளில் அந்த எண்தான் வரிக்கு வரி வரும்.

இடைவெளி விட்டுப் பெயர் வைப்பது ஊராரின் உரிமை, மேற்கோள்குறி போடுவது ஸ்கிரிப்ட் எழுதுகிறவரின் கடமை. முதல் இரண்டு பருவங்களில் இருக்கும் தம்பியிடம் விசேஷ வீட்டு ஃபைல்களைக் கொடுப்பவர்கள், ஒரு பிரதியைத் தனியே எடுத்துப் பீரோவில் பூட்டிவிட்டுக் கொடுப்பது நல்லது.