பேராண்டியின் ஜெர்மன் வண்டி

வாடா பேராண்டி, உட்காரு. மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? நீ தெருமுனையாண்ட திரும்பறப்பவே கடகடன்னு கேட்டுச்சு, நீதான் வரேன்னு தெரிஞ்சுபோச்சு. ரோட்டோரம் இருந்த நிலத்துல ஒரு மூலையை வித்து, செகண்ட் ஹேண்டுல பி.எம்.டபிள்யூ ஆர் 1200 ஜி.எஸ். வாங்குன. நிலமா இருந்த வரைக்கும் அது வாயே திறக்கல. வண்டியா மாறுனதும் பின்னாடி உட்கார்ந்து பேசுது.

செயின் இல்லையாம், ஷாஃப்ட் டிரைவாம், அதாவது தண்டு. நீ சொல்ற தோரணைக்கு, ஜெர்மன்காரன் அதைப் போன வாரம்தான் கண்டுபிடிச்சான்னு நினைக்கத் தோணும். பெல்ஜியத்துல எஃப்.என். கம்பெனி 1905-லயே நாலு சிலிண்டர் பைக்குக்குத் தண்டு வச்சுட்டான். பி.எம்.டபிள்யூ 1923-ல விட்ட முதல் பைக்கான ஆர் 32-லயும் தண்டுதான். அவ்வளவு தூரம் எதுக்கு, காஞ்சிபுரத்துல நிக்கிற ஆட்டோவுக்கு அடியில குனிஞ்சு பாரு. பின்சக்கரத்துக்கு ஓட்டம் தண்டு வழியாதான் போகுது. ஆட்டோக்காரர் அதைப் படம் புடிச்சு ஸ்டேட்டஸ் வைக்கல, அவ்வளவுதான் வித்தியாசம்.

சத்தத்தை ரெக்கார்டு பண்ணி வாட்ஸ்அப்ல அனுப்புனியாமே. ஒருத்தன் பேரிங் போச்சுன்னான், ஒருத்தன் கியர்பாக்ஸ்னான், இன்னொருத்தன் வித்துடு, நானே வாங்கிக்கிறேன்னான். அந்த மூணாவது ஆளு பொழைக்கத் தெரிஞ்சவன். மத்த ரெண்டு பேரையும் விட்டுத்தள்ளு. இரும்புல சத்தம் ஓடும். பின்னாடி பொறக்குறது முன்னாடி கேட்கும், இடம் நம்ம காதை ஏமாத்திடும். அதனால சத்தம் எப்ப வருது, எப்ப நிக்குதுன்னு பாரு.

ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோடாப் பார்த்து, நாப்பதுல போய்க்கினே கிளட்சை அமுக்கு. இன்ஜின் வேகம் எறங்குறப்ப சத்தமும் கூடவே எறங்குனா, குத்தம் முன்பக்கம். வண்டி உருளுற வேகத்துக்கே அது கேட்டுக்கினு இருந்தா சக்கரம், பிரேக், டயர், பின்னாடி கியர் டப்பா, இதுல ஒண்ணு. பிரேக் தொட்டா மட்டும் கீச்சுன்னா, பேடு தேஞ்சு இரும்பு டிஸ்க்கைத் தின்னுது. சக்கரச் சுத்துக்கு ஒரு தரம் 'டிக்'னா, டயர் காடியில கல்லோ ஆணியோ இருக்கும். அதுக்கு மெக்கானிக் வேணாம், குனிய முடிஞ்ச முதுகு போதும்.

நீ அவ்வளவு தூரம் பரிசோதனை பண்றதுக்கு முன்னாடி பின்சக்கரத்துப் பக்கம் போய், அந்தச் சேலை கார்டைப் பிடிச்சு ஆட்டு. ஆமா, சேலை கார்டுதான், ஏன் சிரிக்கிற? மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 123: பின்னாடி உட்கார்றவங்க துணி மாட்டாம இருக்க, பின்சக்கரத்துல பாதிக்குக் குறையாம மறைப்பு இருக்கணும். ஜெர்மனியில பொறந்தாலும் இங்க வந்தா கார்டு கட்டித்தான் ஆகணும். அந்த வண்டியை வரைஞ்சவன் அதை நினைச்சே பார்க்கல. கடைசியில கொண்டுவந்து மாட்டுன சாமானம், ரெண்டு போல்ட்டு லூசானா எழுபதுல போறப்ப தகரக் கொட்டாய் மாதிரி அடிக்கும். உங்க காஞ்சிபுரத்துல நெய்யுற பட்டுக்காகக் கட்டுன கம்பியைப் பார்க்காம நேரா மியூனிக் கம்பெனி வரைக்கும் சந்தேகப்படுறியே, நியாயமா? இதைப் பார்த்துட்டு அப்புறமா ஸ்பானர் எடு.

கார்டு கெட்டியா இருக்கா? சரி, இப்ப பயப்பட ஆரம்பிக்கலாம். சென்டர் ஸ்டாண்டு போடு, நியூட்ரல்ல விடு, சக்கரத்தைக் கையால சுத்து. சொரசொரன்னு அரைக்கிற மாதிரி கைக்குத் தெரிஞ்சா பேரிங். டயரை மேல ஒரு கை, கீழ ஒரு கை பிடிச்சு ஆட்டு. லொடலொடன்னு ஆடுனா ஓட்டாதே. உன் வண்டிக்குச் சக்கரம் ஒரு பக்கம் மட்டும்தான் பிடிச்சு நிக்குது, அந்த ஆட்டம் நேரா கியர் டப்பா பேரிங்கைச் சொல்லுது. கியர் போட்டுட்டு சக்கரத்தை முன்ன பின்ன அசைச்சா கொஞ்சம் இடம் கொடுக்கும். அது பல்லுக்குப் பல்லு விட்ட இடைவெளி, இருக்கத்தான் வேணும். அதைப் பார்த்து அலறாதே. ஸ்டாண்டுல நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டு முறுக்கிப் பார்க்கவும் வேணாம். சக்கரம் தொங்குறப்ப தண்டோட முட்டு கோணல்ல நிக்கும், நல்ல வண்டியும் கெட்ட சத்தம் போடும். அப்படி முறுக்கிக்கினே பக்கத்துல கையை வச்சு விரலைத் தொலைச்சவங்களும் உண்டு.

ஆக்சிலேட்டரை விட்டுப் பிடிக்கிறப்ப 'டொக்'னு தட்டுனா யூனிவர்சல் ஜாயிண்ட்டைச் சந்தேகப்படு. வேகத்தோட ஊஊன்னு அழுகை ஏறுனா கிரவுன் பினியன். அதுக்கு முன்னாடி எண்ணெயைப் பாரு. அந்தப் பின் கியர் டப்பாவுக்குள்ள கால் லிட்டர்கூட கிடையாது. ஆரம்பத்துல வந்த ஆர் 1200 வண்டிகளுக்கு ஆயுசுக்கும் மாத்த வேணாம்னு கம்பெனியே சொன்னான். பின்னாடி அவனே மாத்தணும்னான். அத்திவரதர்கூட நாப்பது வருஷத்துக்கு ஒரு தரம் வெளியே வர்றார், 1979-லயும் 2019-லயும் வந்தார். உன் வண்டி எண்ணெய்க்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. எண்ணெயை இறக்குறப்ப காந்தம் வச்ச மூடியைத் துடைச்சுப் பாரு. சாம்பல் கலர்ல மை மாதிரி ஒட்டியிருந்தா பரவாயில்லை, தேய்மானம். விரல்ல குத்துற மாதிரி சில்லு வந்தா உள்ளே பல்லோ பேரிங்கோ உதிருது.

அந்தச் சக்கர போல்ட்டை மட்டும் ஸ்பானர் மேல ஏறி நின்னு முறுக்காதே. 2015-ல பி.எம்.டபிள்யூவே உலகம் பூரா பழைய வண்டிகளைத் திருப்பிக் கூப்பிட்டான், உன் ஆர் 1200 ஜி.எஸ். உட்பட. போல்ட்டை அளவுக்கு மேல இறுக்குனா பின்சக்கரத்தைத் தாங்குற ஃபிளான்ஜ் விரிசல் விடலாம்னு. உன் வண்டிக்கு அந்த வேலை நடந்திருக்கான்னு சேசிஸ் நம்பரைச் சொல்லி டீலர்ட்ட கேளு. டார்க் ரெஞ்ச்னு ஒண்ணு இருக்கு, கடன் வாங்கியாவது பிடி.

உன் சிநேகிதன் செயின் வண்டிக்காரன் ஒருத்தன் இதைக் கேட்டு இளிச்சுக்கினு நிக்கிறானே, அவனுக்கும் சொல்லு. செயின் காஞ்சு துருப்பிடிச்சிருக்கு, ஒரு இடத்துல டைட்டு, ஒரு இடத்துல லூசு, ஸ்ப்ராக்கெட் பல்லு கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு, கப்ளிங் ரப்பர் நசுங்கியிருக்கு. இத்தனையையும் வச்சுக்கினு டேங்க் மேல புலி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான்.

நீ இப்ப போய்க் கார்டு போல்ட்டை முறுக்கு. அப்பவும் சத்தம் நிக்கலைன்னா ஓட்டம், கிளட்ச், பிரேக்னு வரிசையாப் பாரு. சக்கர வளையத்துல எண்ணெய் கசிஞ்சிருந்தா மட்டும் ஒரு அடிகூட ஓட்டாதே, எண்ணெய் டயர்ல பட்டா வண்டி வழுக்கிடும். லாரியில ஏத்தி சென்னைக்கு அனுப்பு. வாடகை மட்டும் என்கிட்ட கேட்காதே, அந்த மூலையை வித்த பணத்துல எனக்கு ஒரு டீகூட வாங்கித் தரல நீ.