‘ஆனா’ என்னும் புறனடை: அத்தைக்குக் கிரிக்கெட் விளக்கியது குறித்து ஓர் ஆய்வு

இலக்கண ஆசிரியர்கள் சூத்திரத்தைச் சொல்லிவிட்டு, அதற்குள் அடங்காதவற்றை இயலின் கடைசியில் புறனடை என்று ஒதுக்கிவைப்பார்கள். கிரிக்கெட்டில் புறனடைதான் நூல். சூத்திரம் அதற்கு எழுதிய முகவுரை. லண்டன் மெரில்போன் கிரிக்கெட் கிளப் இன்று காத்துவரும் விதிகள் 42. விதிகளை முதன்முதலில் எழுதிவைத்தது 1744-இல். அன்றுதொட்டு, இந்த ஆட்டத்தைப் புதியவருக்கு விளக்கப் புகுந்த எவனும் மூன்றாம் வாக்கியத்துக்குள் ‘ஆனா’ சொல்லாமல் தப்பியதில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வுக்களம் என் வீட்டுக் கூடம். ஆய்வுக்கு உட்பட்டவர் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த அத்தை, வயது 78. தாயத்திலும் பல்லாங்குழியிலும் ஆய்வாளனைப் பலமுறை தோற்கடித்தவர். கருவிகள்: தொலைக்காட்சியில் சேப்பாக்கத்து ஐபிஎல் ஆட்டம், அரைக்கிலோ பீன்ஸ், அரிவாள்மனை. பீன்ஸ் முடிவுகளைப் பாதித்திருக்க வாய்ப்பில்லை.

முதல் சூத்திரத்தைச் சொன்னேன். மட்டை பிடிப்பவர் இருவரும் எதிரெதிர் முனைக்கு ஓடிச் சேர்ந்தால் ஓர் ஓட்டம். அத்தை தலையாட்டினார். அடுத்த பந்து எல்லைக்கோட்டுக்கு உருண்டது. ஓடத் தொடங்கிய இருவரும் பாதி வழியில் நின்று கையுறையை முட்டிக்கொண்டார்கள். கணக்கில் நான்கு கூடியது.

“ஓடவே இல்லியே, பெறவு என்ன ஓட்டம்?”

“கோட்டைத் தாண்டிட்டா ஓட வேண்டாம் அத்தை.”

“அப்ப ஓடுதவன் கிறுக்கனா?”

அதற்கு விடை சொல்வதற்குள் ஒரு பந்து காலில் பட்டுத் தெறித்தது. இருவரும் விழுந்தடித்து ஓடினார்கள். ஓட்டம் அணிக்குச் சேர்ந்தது, ஆடியவன் பெயரில் சேரவில்லை. அடுத்தது வைடு, ஒருவரும் தொடவில்லை, ஒருவரும் ஓடவில்லை, ஓர் ஓட்டம். (இலங்கைத் தமிழர் இவ்விளையாட்டைத் துடுப்பாட்டம் என்பார்கள். படகு இல்லை என்ற ஒரு குறையைத் தவிர, ‘ஓட்டம்’ அளவுக்கு ஏமாற்றாத பெயர்.)

அடுத்து கணக்கியல். திரையின் மூலையில் 112/4 என்று இருந்தது, பக்கத்தில் 13.4. அத்தை அந்தக் காலத்து எஸ்எஸ்எல்சி.

“நூத்திப் பன்னெண்ட நாலால வகுத்தா இருவத்தெட்டு. ஆளுக்கு இருவத்தெட்டா?”

அது வகுத்தல் குறி இல்லை, 112 ஓட்டம், நாலு பேர் அவுட் என்றேன். ஆஸ்திரேலியாக்காரர்கள் இதையே 4/112 என்று தலைகீழாக எழுதுவதைச் சொல்லவில்லை, வயதானவர். 13.4-ஐ அவர் பதின்மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவு என்று படித்தார். படித்தவர் எவரும் அப்படித்தான் படிப்பார். ஓவருக்குப் பந்து ஆறு. நான்கு போட்டாயிற்று என்றால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது பதின்மூன்றரைக்கு மேல். 13.5-க்கு அடுத்த பந்து விழுந்தால் 14. பள்ளியில் தசமம் கற்றவர்களைக் கவிழ்ப்பதற்கென்றே வைத்த புள்ளி அது. அப்போதுதான் நினைவு வந்தது: 1957-இல் நயா பைசா வருவதற்கு முன் அணாக் கணக்கில் மிட்டாய் வாங்கிய கை இது. “ரூவாய்க்குப் பதினாறு அணா மாதிரி, ஓவருக்கு ஆறு பந்து அத்தை.” மறுவிநாடி விளங்கிவிட்டது. ஆய்வு முழுவதிலும் ‘ஆனா’வுக்கு வேலை வைக்காத இடம் இது ஒன்றே, ‘அணா’ காப்பாற்றியது.

எல்பிடபிள்யூ பற்றித் தனி நூலே எழுதலாம். கால் மறைக்காவிட்டால் பந்து ஸ்டம்பில் பட்டிருக்கும் என்றால் அவுட். ஆனா லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தி வந்த பந்து என்றால் கிடையாது. ஆனா ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே குத்தலாம். ஆனா காலில் பட்ட இடமும் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே என்றால் கிடையாது. ஆனா அடிக்க முயலாமல் சும்மா காலை நீட்டியிருந்தால் உண்டு. ஆனா முதலில் மட்டையில் உரசியிருந்தால் இத்தனை பேச்சும் வீண். இவ்வளவும் பொருந்தி வந்தாலும், எதிரணியில் யாரும் வாய் திறந்து கேட்காவிட்டால் நடுவர் அவுட் கொடுக்கக் கூடாது.

இதற்கு மேல் ரிவ்யூ. பந்தில் பாதிக்கும் குறைவான பகுதிதான் ஸ்டம்பில் படும் என்று கணினி காட்டினால், நடுவர் முதலில் என்ன சொன்னாரோ அதுவே நிற்கும். ஒரே பந்து, ஒரே படம். அவர் விரலைத் தூக்கியிருந்தால் அவுட், தூக்காதிருந்தால் இல்லை.

அத்தை கத்தரித்த பீன்ஸைக் கீழே போட்டார். “அப்ப அந்தக் கம்ப்யூட்டரு எதுக்கு? ‘நீங்க சொன்னாச் சரிதான் அண்ணாச்சி’ங்கதுக்கா?”

ஆய்வாளன் பேச்சை மாற்றி, யார் ஜெயித்தார் என்ற எளிய விஷயத்துக்குப் போனான். அது பிழை. இதே சேப்பாக்கத்தில் 1986 செப்டம்பர் 22 அன்று, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 348 எடுத்தால் வெற்றி என்ற நிலையில் இந்தியா 347-இல் முடிந்தது. கடைசி ஆள் மணிந்தர் சிங், எல்பிடபிள்யூ. பந்து போட்டவர் சென்னை வெயிலில் ஸ்வெட்டரோடு ஆடிய கிரெக் மாத்யூஸ். ஆட்டம் டை. டெஸ்ட் வரலாற்றில் இதற்கு முன் 1960-இல் பிரிஸ்பேனில் ஒன்று, அதோடு சரி.

“மெட்ராஸ் வெயில்ல ஸ்வெட்டரா? காச்சலா அவனுக்கு?”

டை வேறு, டிரா வேறு என்று தொடர்ந்தேன். டிராவுக்கு டர்பன் சான்று. 1939-இல் நாள் வரம்பே இல்லாமல், முடிவு தெரியும்வரை ஆடுவது என்று தொடங்கிய டெஸ்ட் அது. கடைசியில் இங்கிலாந்துக்கு இன்னும் 42 ஓட்டம் வேண்டும், கையில் ஐந்து விக்கெட் இருந்தது. ஊருக்குப் போகும் கப்பலுக்கு நேரமாகிவிட்டது. டிரா. டர்பனுக்கும் கணக்குக்கும் என்றுமே ஆகாது. 2003 உலகக் கோப்பையில் அதே மைதானத்தில் மழை வரப்போகிறது. டக்வொர்த்-லூயிஸ் கணக்குப்படி 229 போதும் என்று தென்னாப்பிரிக்காவுக்குச் சேதி. முரளிதரன் பந்தில் பவுச்சர் சிக்ஸர் அடித்து 229-ஐத் தொட்டுவிட்டு, அடுத்த பந்தைப் பத்திரமாகத் தட்டிவைத்தார். மழை கொட்டியது. 229 என்பது சமன், வெற்றிக்கு 230. உலகக் கோப்பையை நடத்திய நாடு அதோடு வெளியே. ஆடுகிறவர்களுக்கே விளங்காததை அத்தைக்கு விளக்கத் தவறியது ஆய்வாளனின் குறையாகாது.

கடைசி ஓவர். பந்து நடு ஸ்டம்பைப் பெயர்த்தெறிந்தது. ஆய்வாளன் நடுநிலை மறந்து எழுந்து “அவுட்!” என்று கத்தினான். அத்தை அரிவாள்மனையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“உக்காருலே. இன்னும் ‘ஆனா’ வரல.”

மைதானத்தில் நோ-பால் சைரன் ஊதியது.