கடலுக்கு நடுவே ஒரு கணக்கு

கேள்வி: கொழும்பிலிருந்து மாலத்தீவுக்கு எவ்வளவு தூரம்? பிளேனில் எவ்வளவு நேரம்? டி-ஷர்ட் சாம்பிளோடு போகணும்.
– பனியன் கம்பெனிக்காரர், அனுப்பர்பாளையம், திருப்பூர்.

பதில்: கட்டுநாயக்காவிலிருந்து மாலேயின் வேலானா விமான நிலையத்துக்கு வான்வழியில் சுமார் 770 கி.மீ.; ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். மாலே கடிகாரம் அரை மணி பின்தங்கி ஓடுவதால், 10 மணிக்குக் கிளம்பினால் 11-க்கே இறங்கலாம். அந்த அரை மணியை லாபத்தில் எழுதிவிடாதீர்கள். திரும்பும்போது கறாராகப் பிடித்துக்கொள்வார்கள்! விமான நிலையம் இருப்பதோ ஹுல்ஹுலே என்ற தனித் தீவில். 2018-ல் பாலம் திறக்கும்வரை மாலே போகப் படகுதான். உங்களுக்கு நிஜமான நெடும்பயணம், பீளமேடு விமான நிலையம் வரையிலான 45 கி.மீ. தான். ஷிப்ட் விடும் நேரத்தில் சாம்பிள் மூட்டையோடு அவிநாசி ரோட்டில் சிக்கினால், மாலே பக்கத்து ஊராகிவிடும்!