கதைக்கு ஒரு மூலப் பத்திரம்

திரைக்கதை எழுதுபவரையும் படம் எடுப்பவரையும் சேர்த்துவைப்பது தமிழ்நாட்டில் தனித் தொழிலாக வளரவில்லை. அந்த வேலையைக் காலத்துக்கு ஒருவராகச் செய்துவந்திருக்கிறார்கள். முதலில் கம்பெனிகளின் கதை இலாகா, பிறகு இயக்குநர்களின் அலுவலக வாசல், அண்மைக் காலத்தில் குறும்படப் போட்டிகளும் திரைச் சந்தைகளும். இவற்றை வரிசையாக எடுத்துப் பேசும் பின்வரும் உரையாடல், கடலூர் மாவட்டம் லால்பேட்டையில் வீராணம் ஏரிப் பக்கத்து டீக்கடை ஒன்றில் நடப்பதாக அமைக்கப்பட்டது. பேசுபவர்கள் இருவர். பத்திரக்காரர், காட்டுமன்னார்கோயில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வருவோருக்குப் பத்திரம் எழுதித் தருபவர். கையெழுத்தும் சாட்சியும் இல்லாத எதையும் நம்பமாட்டார். கதைக்காரர், ஒரு போன் நம்பர் கிடைத்தால் கதை தானாகப் படமாகிவிடும் என்று நம்பும் இளைஞர். இருவருக்கும் எழுத்துதான் தொழில். கூலி வருவது முன்னவருக்கு மட்டும்.

கதை இலாகா

1940களிலும் 50களிலும் படக் கம்பெனிகள் எழுத்தாளர்களைச் சம்பளத்துக்கு வைத்திருந்தன. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘மந்திரி குமாரி’க்கு (1950) மு. கருணாநிதி வசனம் எழுதியது அந்த ஏற்பாட்டின் காலத்தில்தான். பின்னாளில் தேவர் பிலிம்ஸின் கதை இலாகா அதற்கென்றே பெயர் பெற்றது. எழுத்தாளர் தட்ட வேண்டிய கதவு எது என்பதில் அன்று குழப்பம் இல்லை.

கதைக்காரர்: மாமு, சினிமாவுல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா? ஒரே ஒரு நம்பர் போதும்.

பத்திரக்காரர்: நாகூர்க்காரர் ஒருத்தர் இருந்தார் தம்பி. காஜா மொய்தீன்னு பேரு, ரவீந்தர்னு எழுதுவார். ‘நாடோடி மன்ன’னுக்குக் கண்ணதாசனும் அவரும்தான் வசனம். 1958.

கதைக்காரர்: சூப்பர். நம்பர் சொல்லுங்க.

பத்திரக்காரர்: அவர் மவுத்தாகி எத்தனையோ வருஷமாச்சு.

கதைக்காரர்: அவரை வேலைக்கு வச்சிருந்த கம்பெனி?

பத்திரக்காரர்: அதை நடத்துன எம்.ஜி.ஆர். முதலமைச்சராகி, அவரும் போய்ச் சேர்ந்தாச்சு. பேப்பர் படிக்கிறதே இல்லையா நீ?

கதைக்காரர்: நான் ஸ்கிரிப்ட் வேலையில இருக்கேன் மாமு.

இயக்குநர் வாசல்

ஸ்டூடியோக்களின் பிடி தளர்ந்து, 1970களின் பிற்பகுதியில் இயக்குநரே கதையையும் எழுதும் வழக்கம் ஓங்கியது. அதன்பின் எழுத வந்தவர் உதவி இயக்குநராகச் சேர்வதே முறையானது. கே. பாக்யராஜ் ‘16 வயதினிலே’யில் (1977) பாரதிராஜாவின் உதவியாளர், அடுத்த ஆண்டே ‘சிகப்பு ரோஜாக்க’ளுக்கு வசனம் எழுதினார், 1979இல் ‘புதிய வார்ப்புகள்’ நாயகனானார், அதே ஆண்டில் ‘சுவரில்லாத சித்திரங்கள்’ மூலம் இயக்குநரும் ஆனார். இந்த வழியில் வந்தவர்களுக்கு எழுத்து ஒரு படிக்கட்டு. அதிலேயே தங்கிவிட நினைப்பவர் இன்றும் ஒரு கேள்வியை எதிர்கொள்கிறார்: “டைரக்‌ஷனும் நீங்கதானா?” இல்லை என்றால், கேட்டவர் கொஞ்சம் ஏமாந்துபோகிறார்.

பத்திரக்காரர்: நீ டீ குடிக்கிற இந்த ஏரிக்கரையிலதான் கல்கி ‘பொன்னியின் செல்வ’னை ஆரம்பிக்கிறார், தெரியுமா?

கதைக்காரர்: மணிரத்னம் படமா? 2022. பார்த்தேன் மாமு.

பத்திரக்காரர்: அதுக்கு அறுபது வருஷம் முந்தியே ஒரு திரைக்கதை எழுதியாச்சு. காரைக்குடி அழகப்பா கல்லூரியில ஒரு மாணவர் எம்.ஜி.ஆர். முன்னாலேயே சினிமாவைக் கிழிச்சுப் பேசுனார். எம்.ஜி.ஆருக்குக் கோவம் வரல, ஆளை ஞாபகம் வச்சுக்கிட்டார். பின்னால சென்னையில பார்த்ததும் ‘பொன்னியின் செல்வ’னுக்குத் திரைக்கதை எழுதச் சொன்னார். அந்த மாணவர்தான் மகேந்திரன்.

கதைக்காரர்: பார்த்தீங்களா! ஒரே ஒரு கான்டாக்ட்!

பத்திரக்காரர்: எழுதி முடிச்சார். எம்.ஜி.ஆர். படம் வரவே இல்லை.

கதைக்காரர்: ஃபாலோ-அப் சரியாப் பண்ணியிருக்க மாட்டார்.

பத்திரக்காரர்: அவரு வேற வேலை பார்த்தார் தம்பி. எழுதிக்கிட்டே இருந்தார். 1974ல ‘தங்கப் பதக்கம்’ அவர் எழுத்து. 1978ல ‘முள்ளும் மலரும்’ அவர் டைரக்‌ஷன். நம்பர் கிடைச்ச முதல் கதை படமாகல. எழுதிப் பழகுன கை படம் எடுத்துச்சு.

கதைக்காரர்: அத்தனை வருஷமா? அத்தா துபாயிலேருந்து அனுப்புற காசு ரம்ஜான் வரைக்கும்தான் மாமு தாங்கும்.

பதிவு

கதையை வெளியாருக்குச் சொல்லும் முன் எழுதிப் பதிவுசெய்வது வழக்கம். சென்னையில் தென்னிந்திய திரைப்பட எழுத்தாளர்கள் சங்கமும் மும்பையில் ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷனும் உறுப்பினர்களின் கதைகளைப் பதிவுசெய்கின்றன. இந்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்திலும் பதியலாம். பதியாவிட்டால் உரிமை போய்விடாது. எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை எழுத்தாளருக்கு வந்துவிடுகிறது. எந்தத் தேதியில் எது கையில் இருந்தது என்பதற்குச் சான்றாகவே பதிவு பயன்படுகிறது. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் (1978) உச்ச நீதிமன்றம் வகுத்த விதியும் அடிப்படையானது: கருவுக்கு உரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்கே உரிமை உண்டு.

கதைக்காரர்: என் கதையை யாருக்கும் சொல்லவே மாட்டேன் மாமு. திருடிடுவாங்க.

பத்திரக்காரர்: சொல்லாத கதையை எவன் தம்பி எடுப்பான்? திருடனும் எடுக்க மாட்டான், தயாரிப்பாளரும் எடுக்க மாட்டார். நிலத்தை விக்கிறவன் மூலப் பத்திரத்தைக் காட்டாம விக்க முடியுமா? உன் பேர்ல தேதியோட ஒரு காகிதம் இருக்கா?

கதைக்காரர்: வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல தலைப்பைப் போட்டிருக்கேன்.

பத்திரக்காரர்: அது இருபத்துநாலு மணி நேரத்துல அழிஞ்சிடும்னு எம் பேரனே சொல்றான். ‘சர்கார்’ சங்கதி ஞாபகம் இருக்கா? வருண் ராஜேந்திரன்னு ஒருத்தர் 2007லயே ‘செங்கோல்’னு ஒரு கதையைச் சங்கத்துல பதிஞ்சு வச்சிருந்தார்.

கதைக்காரர்: 2018 தீபாவளி ரிலீஸ். தன் ஓட்டை வேற ஒருத்தன் போட்டுட்டான்னு ஹீரோ கேஸ் போடுவான்.

பத்திரக்காரர்: அந்தக் கருதான் ரெண்டுலயும் இருக்குன்னு சங்கத் தலைவர் பாக்யராஜ் சொன்னார். திரைக்கதை என்னோடதுன்னு டைரக்டர் முருகதாஸ் சொன்னார். ஹைகோர்ட்டுக்குப் போயி, படம் வர ஒரு வாரம் இருக்கையில சமரசம். வருண் பேர் படத்துல வந்துச்சு. பதினொரு வருஷம் பீரோவுல கிடந்த காகிதம் தம்பி!

கதைக்காரர்: அப்ப நாளைக்கே பதிஞ்சிடறேன். கரு மட்டும்தான் இருக்கு, பரவாயில்லையா?

பத்திரக்காரர்: எல்லை போடாத நிலம் அது. நாலு பக்கமும் எழுதிட்டு வா.

போட்டி, பயிலரங்கு, சந்தை

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ குறும்படப் போட்டி புதிய வாசலைத் திறந்தது. அதில் பங்கேற்ற பாலாஜி மோகன் ‘காதலில் சொதப்புவது எப்படி’ (2012), கார்த்திக் சுப்பராஜ் ‘பீட்சா’ (2012), நலன் குமரசாமி ‘சூது கவ்வும்’ (2013) ஆகிய படங்களை எடுத்தனர். பின்னிரண்டையும் தயாரித்தவர் சி.வி. குமார். அருண்குமாரின் ‘பண்ணையாரும் பத்மினியும்’ (2014) குறும்படமாக இருந்து முழுநீளப் படமானது. தேசிய அளவில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் (என்.எஃப்.டி.சி.) 2007 முதல் திரைக்கதைப் பயிலரங்கு நடத்திவருகிறது. ரித்தேஷ் பத்ராவின் ‘தி லஞ்ச்பாக்ஸ்’ (2013) அங்கே செப்பனிடப்பட்டது. கோவாவில் நடக்கும் ஃபிலிம் பஜார் முடியாத படங்களுக்கும் பங்காளி தேடித்தரும் சந்தை. பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ அங்கே போய்வந்தது; ரவுடி பிக்சர்ஸ் அதை ஏற்றது; 2021இல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருதும் கிடைத்தது. இந்த வாசல்கள் எல்லாவற்றிலும் காட்டுவதற்கு ஏதாவது கையில் இருக்க வேண்டும்.

கதைக்காரர்: குறும்படம் எடுக்க கேமரா இல்லை மாமு.

பத்திரக்காரர்: நம்பர் கேட்கிற போன்லயே கேமரா இருக்கு.

கதைக்காரர்: நான் எழுத்தாளன். எழுத்தாளனுக்கு மட்டும்னு ஒரு போட்டி இல்லையா?

பத்திரக்காரர்: நியாயமான கேள்வி. நம்ம பக்கம் வச்ச போட்டியெல்லாம் டைரக்டர் பிடிக்கிற வலைதான். கடலூர் மஞ்சக்குப்பத்துல பொறந்த ஜெயகாந்தன்கூட ‘உன்னைப்போல் ஒருவ’னைத் தானே டைரக்ட் பண்ணித்தான் 1965ல கொண்டுவந்தார்.

கதைக்காரர்: அவருக்கே அந்தக் கதியா!

பத்திரக்காரர்: அவருக்கு அது கதி இல்லை, குணம்.

ஹாலிவுட் வழி

அமெரிக்காவில் இந்த இணைப்பு வேலை ஏஜெண்டுகளின் தொழில். பெரிய நிறுவனங்கள் ஏஜெண்ட் வழியாக வராத திரைக்கதைகளைப் பிரிக்காமலே திருப்பிவிடும். முன்பே படித்துவைத்திருந்தார்கள் என்று பின்னாளில் வழக்கு வரக்கூடும் என்ற அச்சமே காரணம். கவனம் பெற இரண்டு பக்கவழிகளும் உண்டு: ஆஸ்கர் அகாடமி 1986 முதல் நடத்தும் நிக்கோல் திரைக்கதைப் போட்டி, படமாகாத நல்ல திரைக்கதைகளைத் துறையினரிடமே கேட்டுத் தொகுத்து 2005 முதல் ஃப்ராங்க்ளின் லெனர்ட் வெளியிடும் ‘பிளாக் லிஸ்ட்’.

கதைக்காரர்: பிளாக் லிஸ்ட்னா நம்ம பேரு கெட்டுப்போயிடாதா?

பத்திரக்காரர்: அங்க அதுல பேரு வந்தா பிரியாணி போடுவாங்க.

கதைக்காரர்: நமக்கும் ஏஜெண்ட் வேணும் மாமு. விசாவுக்கே ஏஜெண்ட் இருக்கான்.

பத்திரக்காரர்: விசா ஏஜெண்டால ஊர்ல எத்தனை பேர் அழுதாங்கன்னு உங்க அத்தாகிட்ட கேளு.

கட்டணத் தரகு

முறையான ஏஜெண்டுகள் இல்லாத இடத்தில் தரகர்கள் வருகிறார்கள். பெரிய நாயகனின் கால்ஷீட் தயார், கதை மட்டும்தான் பாக்கி என்பார்கள். ‘கதை கேட்கும் கட்டணம்’, ‘மேனேஜர் செலவு’, ‘உறுப்பினர் தொகை’ என்று முன்பணம் கேட்பார்கள். அடையாளம் காண்பது எளிது: பணம் எழுத்தாளரை நோக்கி வர வேண்டும். சங்கப் பதிவு, போட்டி நுழைவு போன்ற அறிவிக்கப்பட்ட சிறு கட்டணங்களைத் தவிர, எழுத்தாளரிடமிருந்து பணம் வெளியே போகும் இணைப்பு எதுவும் இணைப்பு அல்ல.

கதைக்காரர்: வடபழனியில ஒருத்தர் இருபதாயிரம் கேட்கிறார். ஹீரோகிட்ட நேரா உட்காரவச்சிடுவாராம்.

பத்திரக்காரர்: உட்கார்ந்து என்ன சொல்லுவே?

கதைக்காரர்: ஹீரோ இன்ட்ரோ சொல்லுவேன். இன்டர்வெல் பிளாக் சொல்லுவேன்.

பத்திரக்காரர்: நடுவுல?

கதைக்காரர்: நடுவுல அவரே சம்மதம் சொல்லிடுவார் மாமு.

கதை சொல்லுதல்

தமிழ்த் திரையுலகில் திரைக்கதையைப் படிப்பவரைவிடக் கேட்பவரே அதிகம். ஆகவே எழுத்தாளர் மூன்று அளவுகளில் தயாராக இருப்பது நல்லது: ஒரே மூச்சில் சொல்லும் ஒன்லைன், ஒரு பக்கச் சுருக்கம், காட்சி வாரியாக முழுமையாகச் சொல்லும் கதை. முழு எழுத்துப் பிரதியான பவுண்ட் ஸ்கிரிப்ட், கேட்டவர் விரும்பிக் கேட்ட பிறகு, அனுப்பிய தேதி நிற்கும்படி மின்னஞ்சலில் போக வேண்டும். முதலில் அணுக வேண்டியவர் உச்ச நடிகர் அல்ல. அடுத்த படத்துக்குக் கதை தேடும் இளம் இயக்குநரும் அவருடைய உதவி இயக்குநர்களும்தான். நாளைக்கு இயக்கப்போவதும் அந்த உதவியாளர்களே.

பத்திரக்காரர்: உன் ஒன்லைனைச் சொல்லு, பார்ப்போம்.

கதைக்காரர்: ஒரு ஊரு... அந்த ஊர்ல ஒரு ஹீரோ... மாமு, இதைக் கேட்டா பத்தாது, ஃபீல் பண்ணணும்.

பத்திரக்காரர்: ஃபீலைப் பத்திரத்துல எந்த ஷரத்துல எழுதுறது?

ஒப்பந்தம்

கதை பிடித்துப்போன பிறகு தேவைப்படுவது எழுத்து ஒப்பந்தம். பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். கொடுப்பவர் கையெழுத்திட வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். 2012 திருத்தத்தின்படி, படத்தில் சேர்ந்த எழுத்துக்கு, திரையரங்கு தவிர்த்த பிற பயன்பாடுகளின் ராயல்டியில் எழுத்தாளர் சம பங்கு கோரலாம். ஊதியம், தவணை நாள், பெயர் வரும் இடம், படம் எடுக்காவிட்டால் கதை திரும்பும் கெடு ஆகிய நான்கும் ஒப்பந்தத்தில் இருந்தாக வேண்டும்.

கதைக்காரர்: அருமை மாமு! எழுதுறவன் உழைப்புக்குக் காசு வாங்கியே தீரணும். இதை எல்லாம் சேர்த்து ஒரு ஒப்பந்தம் எழுதிக் கொடுங்க, பையில வச்சுக்கறேன்.

பத்திரக்காரர்: எழுதிடலாம். எழுத்துக்கூலி ஐந்நூறு.

கதைக்காரர்: நம்மளுக்குள்ள காசா மாமு? முதல்ல படம் வரட்டும். டைட்டில் கார்டுல உங்க பேரைப் போட்டு நன்றி சொல்லிடறேன்.

பத்திரக்காரர்: மாஷா அல்லாஹ்! தம்பி, உனக்கு நம்பரே வேணாம். நீ தயாரிப்பாளராவே போயிடு.